நடிப்பு நோயாளர்

மருத்துவ நூல்களை ஐயமறக் கற்றவர் எல்லாரும் நல்ல மருத்துவர் ஆகிவிடுவரோ? நெஞ்சுவலிக்குரிய காரணங்களைப் பிழையின்றி எழுதும் மாணவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எதிரே அமர்ந்திருப்பவரிடம் எதை முதலில் கேட்பது என்று அறியாது திகைத்தல் உண்டு. நூலறிவு வேறு; நோயுற்றவரிடம் பேசி, அவர் உடலை ஆராய்ந்து, உண்மையைக் கண்டறியும் திறன் வேறு. அத்திறனை வளர்க்கவும் அளந்தறியவும் தோன்றியதே நடிப்பு நோயாளர் முறை.

முன்னாளில் மருத்துவ மாணவரின் செய்முறைத் தேர்வு, மருத்துவமனையில் இருந்த நோயாளரைக் கொண்டே நடைபெற்றது. ஒரு மாணவருக்கு எளிய நோயுடையவர் வாய்ப்பார். மற்றொருவருக்கு அரிய நோயுடையவர் வாய்ப்பார். எனவே, வெற்றி தோல்விகளில் நற்பேற்றுக்கும் பங்கு இருந்தது. அன்றியும், நோயால் தளர்ந்தவரைப் பலர் மாறி மாறி ஆராய்தல் அவருக்குத் துன்பமாகவும் முடிந்தது.

இக்குறைக்கு ஒரு வழி கண்டவர் ஹோவர்டு பாரோஸ் என்னும் நரம்பியல் மருத்துவர். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 1963-ஆம் ஆண்டில் நலமுள்ள பெண் ஒருவருக்குப் பயிற்சி அளித்தார். நரம்பு நோயால் கால்கள் செயலிழந்தவரைப் போலவே அப்பெண் நடித்தார். தம்மை ஆராய்ந்த மாணவர்கள் செய்தவற்றையும் செய்யாது விட்டவற்றையும் பின்னர்க் குறித்துக் கொடுத்தார். மருத்துவக் கல்வியை நாடகமாக்குவதா என்று எள்ளியவர்களும் இருந்தனர். எனினும், முறை பரவியது. 1975-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு டண்டீ நகரில் ரொனால்டு ஹார்டனும் அவர்தம் துணைவர்களும் பல நிலையங்கள் கொண்ட தேர்வு முறையை வெளியிட்டனர். மணி ஒலிக்குந்தோறும் மாணவர் ஒரு நிலையத்தினின்று அடுத்ததற்குச் செல்வர். எல்லாருக்கும் ஒரே வினா. ஒரே கால அளவு. இம்முறையில் நடிப்பு நோயாளர் சிறந்த இடம் பெற்றனர்.

அத்தகைய நிலையம் ஒன்றை நோக்குவோம். உள்ளே நெஞ்சுவலி என்று ஒருவர் அமர்ந்திருக்கிறார். மாணவர் கைகளைத் தூய்மை செய்து, தம் பெயரைக் கூறி, அவர் இசைவைப் பெற வேண்டும். வலி எங்கே, எப்பொழுது தொடங்கியது, எங்கெல்லாம் பரவுகிறது என்று வினவ வேண்டும். நோயாளர் ஒரு செய்தியைக் கேட்டாலன்றிக் கூறார். அவர் தந்தையார் இதய நோயால் மாண்டவர். தமக்கும் அதுவே நேருமோ என்னும் அச்சம் அவர் உள்ளத்தில் உள்ளது. அவர் முகவாட்டத்தைக் கண்டு, “தங்கள் மனத்தை வருத்துவது யாது?” என்று கேட்பவரே அச்செய்தியைப் பெறுவர். அதைப் பெறாதவர் ஒரு மதிப்பெண்ணை மட்டுமன்று, நோயறிய உதவும் ஒரு குறிப்பையும் இழக்கின்றார்.

இத்தேர்வுக்கு ஆயத்தம் செய்யத் தனியறையில் நூலுடன் அமர்ந்திருத்தல் போதாது. மூவர் கூடிப் பயிலுதல் நன்று. ஒருவர் மருத்துவர், ஒருவர் நோயாளர், மூன்றாமவர் கடிகாரத்தையும் குறிப்புத்தாளையும் வைத்துக்கொண்டு கவனிப்பவர். பின்பு இடம் மாறிக்கொள்ளுதல் வேண்டும். நோயாளராக நடிக்கும்பொழுதுதான், பேச்சை இடைமறிப்பவரும் குளிர்ந்த கையால் திடீரெனத் தொடுபவரும் எவ்வளவு வருத்துகின்றனர் என்பது விளங்கும். பார்த்தல், தொட்டறிதல், தட்டியறிதல், செவியால் கேட்டல் என்னும் ஒழுங்கு கைக்குப் பழகிவிட்டால், மனம் நோயாளர்பால் செல்ல இடம் உண்டாகும்.

ஆறுதல் மொழிகளை மனப்பாடம் செய்து ஒப்பித்தல் மட்டும் பயன் தாராது. தாளை நோக்கிக்கொண்டே, “வருந்துகிறேன்” என்று சொல்பவரின் சொல்லில் உயிர் இல்லை என்பதை நடிப்பவரும் உடனே உணர்வர்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. வலியை நடிக்கலாம், இதய ஒலியின் மாறுபாட்டை நடித்தல் இயலாது. ஆதலின், உண்மை நோயாளரிடம் பயிலுதல் என்றும் இன்றியமையாதது. ஆயினும், முதற்பிழைகள் யாவும் நடிப்பவரிடமே நிகழ்ந்து திருத்தப்படுதல் எத்துணை நன்மை! தேர்வு முடிந்ததும் நடிப்பு நோயாளர் நலமுடன் எழுந்து வீடு செல்வார். பின்னாளில் அம்மருத்துவர் முன் அமர்பவரின் வலியோ மெய்யானது. அவருக்காகவே இத்துணைப் பயிற்சியும்.