கப்பலில் யார் பக்கத்தில் யார்?

தூத்துக்குடி, எண்ணூர் துறைமுகங்களுக்குப் போகும் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை பார்க்கும்போது பெட்டியின் வெளிப்புறத்தைக் கவனியுங்கள். சில பெட்டிகளில் மட்டும் சாய்சதுர வடிவில் பெரிய ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். அதன் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 25 சென்டிமீட்டர் நீளம். எந்தத் திசையிலிருந்து வருபவருக்கும் தெரியவேண்டும் என்பதால் பெட்டியின் நான்கு புறமும் ஒட்ட வேண்டும். சிவப்பு என்றால் உள்ளே எளிதில் தீப்பற்றும் திரவம் அல்லது வாயு. மஞ்சள் என்றால் மற்றவற்றை எரியத் தூண்டும் பொருள். நீலம் என்றால், தண்ணீர் பட்டால் ஆபத்து!

தண்ணீர் படக்கூடாத பொருளைப் போய்க் கடல் வழியாக அனுப்புவார்களா? அனுப்புகிறார்கள். கால்சியம் கார்பைடு அப்படி ஒன்று. மாங்காயைப் பழுக்க வைக்கச் சிலர் சட்டத்தை மீறிப் பயன்படுத்துகிறார்கள் என்று செய்தியில் வருமே, அந்தக் 'கல்'தான். அதற்கு நேர்மையான வேலை தொழிற்சாலைகளில் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் அது அசிட்டிலீன் வாயுவையும் சுண்ணாம்பையும் தரும். கூடவே நல்ல சூடும் கிளம்பும். கேஸ் வெல்டிங் பட்டறையில் இரும்பை உருக்கும் சுடர் இந்த அசிட்டிலீன்தான். ஆக்சிஜனோடு சேர்ந்து எரியும்போது அதன் வெப்பம் 3,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும்.

2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் கடலில் மூழ்கிய 'எம்.எஸ்.சி. எல்சா 3' கப்பலில் 640 கன்டெய்னர்கள் இருந்தன. அவற்றில் 12 பெட்டிகளில் கால்சியம் கார்பைடு. கரை ஒதுங்கும் பெட்டிகளின் அருகே யாரும் போகக்கூடாது என்று கேரளத்தில் எச்சரிக்கை விடுத்தது ஏன் என்று இப்போது புரிகிறதா?

இப்படிப்பட்ட சரக்குகளைக் கப்பலில் எப்படி ஏற்றுவது என்று சொல்வதற்கு உலகம் முழுவதற்கும் பொதுவான விதித்தொகுப்பு ஒன்று உண்டு. கப்பல்காரர்கள் அதை 'ஐ.எம்.டி.ஜி. கோட்' என்பார்கள். 1965-ல் உருவானது. 2004 முதல் கட்டாயம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். வெடிபொருள், வாயு, தீப்பற்றும் திரவம், நஞ்சு, கதிரியக்கப் பொருள், அரிக்கும் பொருள் என்று சரக்குகளை ஒன்பது வகுப்புகளாக அது பிரிக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு இலக்க எண்ணும் உண்டு. பெட்ரோலுக்கு 1203, கார்பைடுக்கு 1402. மொழி தெரியாத நாட்டுத் தீயணைப்பு வீரரும் எண்ணைப் பார்த்தே பொருளைத் தெரிந்துகொள்ளலாம்.

வகுப்பு பிரித்தாகிவிட்டது. அடுத்த கேள்வி, யார் பக்கத்தில் யாரை வைப்பது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஏனென்றால் இங்கே ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு வேதியியல் பாடம் ஒளிந்திருக்கிறது.

நைட்ரிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். அது இரும்பை அரிக்கும். அதோடு, அது ஓர் ஆக்சிஜனேற்றி. தன்னிடமுள்ள ஆக்சிஜனைப் பக்கத்தில் இருக்கும் பொருளுக்குக் கொடுத்து அதை எரிய வைக்கும். கன்டெய்னர் முழுக்க இரும்பு என்று நினைக்காதீர்கள். அதன் தரை பெரும்பாலும் மரப்பலகை. மரத்தின்மேல் இந்த அமிலம் சிந்தினால் சூடேறும், புகையும், தீயே பிடிக்கலாம்.

கப்பலின் சரக்கு அறையில் தீப்பிடித்தால் என்ன செய்வார்கள் தெரியுமா? அறையை இறுக மூடிவிட்டுக் கார்பன் டை ஆக்சைடு வாயுவை உள்ளே செலுத்துவார்கள். ஆக்சிஜன் இல்லாவிட்டால் தீ அணைந்துவிடும் அல்லவா? ஆனால் அங்கே ஆக்சிஜனேற்றி ஒன்று இருந்தால், வெளிக்காற்று இல்லாமலே அது தீக்கு ஆக்சிஜன் ஊட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் மஞ்சள் சாய்சதுரமும் சிவப்புச் சாய்சதுரமும் அருகருகே இருக்கக்கூடாது.

விலக்கி வைப்பதில் நான்கு படிகள் உண்டு. முதல் படி மிக எளிது, சற்றுத் தள்ளி இருந்தால் போதும். இரண்டாம் படியில் உள்ள இரண்டு பெட்டிகளை, நடுவே ஒரு தளம் இல்லாவிட்டால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக்கூடாது. மேலே இருப்பது ஒழுகினால் கீழேதானே வரும்! பக்கவாட்டிலும் இடைவெளி வேண்டும். நான்காம் படி மிகக் கடுமையானது. கப்பலின் நீளவாக்கில் குறைந்தது 24 மீட்டர் விலக வேண்டும். அது இருபது அடிப் பெட்டிகள் நான்கை வரிசையாக வைத்த நீளம். மேல்தளத்தில் கப்பலின் குறுக்கே எவ்வளவு தள்ளி வைத்தாலும் ஏற்க மாட்டார்கள்.

கசிந்தால் வாயு காற்றோடு கலைந்து போகவேண்டிய சரக்குகளுக்கு மேல்தளம்தான் இடம். ஆனால் மாலுமிகள் தங்கும் அறைகளுக்கும் உயிர்காக்கும் படகுகளுக்கும் பக்கத்தில் அவற்றை வைக்க விடமாட்டார்கள்.

இத்தனை விதிகள் இருந்தும் 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' கப்பல் எரிந்தது. ஓடத் தொடங்கிச் சில மாதங்களே ஆன புதிய கப்பல். 1,486 கன்டெய்னர்கள் அதில் இருந்தன. சரக்கில் 25 டன் நைட்ரிக் அமிலமும் இருந்தது. அமிலப் பெட்டி ஒன்று கசிவதை மாலுமிகள் வழியிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கத்தாரில் ஹமாத், குஜராத்தில் ஹசீரா என இரண்டு துறைமுகங்களில் அதை இறக்கித்தரக் கேட்டதாகவும், அதற்கான வசதி அங்கே இல்லை என்று பதில் வந்ததாகவும் கப்பல் நிறுவனம் பின்னர் சொன்னது. கசியும் பெட்டியோடு கப்பல் பயணத்தைத் தொடர்ந்தது. மே 20 அன்று தீ தெரிந்தது. ஜூன் 2 அன்று கப்பலின் பின்பகுதி கடலடியில் போய்த் தட்டியது.

அதிலிருந்து கடலில் கொட்டியவற்றில் இலங்கைக் கடற்கரையை அதிகம் வாட்டியது அமிலமல்ல, பருப்பு அளவுள்ள பிளாஸ்டிக் மணிகள். 1,600 டன்னுக்கும் மேல்! மீன்களின் வயிற்றிலும் கடற்கரை மணலிலும் அவை கிடந்தன. அபாயச் சரக்குப் பட்டியலில் இந்த மணிகள் அப்போது இல்லை. முடிந்தவரை இவற்றை மேல்தளத்துக்குக் கீழே வையுங்கள் என்று 2024-ல் சர்வதேச கடல்சார் அமைப்பு பரிந்துரை மட்டும் செய்தது. கட்டாய விதியாகவே ஆக்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. எல்சா 3 மூழ்கிய பிறகு இதே மணிகள் கன்னியாகுமரிக் கரையிலும் ஒதுங்கின.

இன்னொரு சிக்கலும் உண்டு. எந்தப் பெட்டியை எங்கே அடுக்குவது என்று திட்டமிடுபவர் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. அனுப்புகிறவர் தாளில் எழுதியதை நம்பித்தான் இடம் ஒதுக்குகிறார். கட்டணமும் கட்டுப்பாடும் குறையட்டும் என்று யாராவது பொய்யாக எழுதினால், வெப்பம் ஆகாத பொருள் வெப்பமான இடத்துக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துவிடும்.

தாளில் உண்மையை எழுதுவது ஏன் முக்கியம் என்பதற்குக் கரியின் கதை நல்ல உதாரணம். நம் ஊர்க் கொட்டாங்குச்சிக் கரி வெளிநாடுகளுக்குப் போகிறது. பார்த்தால் சாதுவான பொருள். ஆனால் புதிதாகச் சுட்ட கரியில் எண்ணற்ற நுண்துளைகள் இருக்கும். அவற்றின் வழியே அது காற்றிலுள்ள ஆக்சிஜனை ஈர்க்கும். அப்போது கொஞ்சம் வெப்பம் பிறக்கும். ஒரு கைப்பிடிக் கரி என்றால் சூடு உடனே கலைந்துவிடும். டன் கணக்கில் மூடிய பெட்டிக்குள் குவித்தால்? ஈரத்தோடு போட்ட வைக்கோல் போருக்குள் கைவிட்டால் சுடுமே, அதுபோலச் சூடு வெளியேற வழியின்றி உள்ளேயே சேரும். வைக்கோலில் சூட்டைத் தொடங்கி வைப்பவை நுண்ணுயிர்கள், கரியில் ஆக்சிஜன். சூடு ஏற ஏற ஆக்சிஜனை ஈர்க்கும் வேகமும் கூடும். கடைசியில் யாரும் பற்றவைக்காமலே கரி எரியத் தொடங்கும்.

முன்பெல்லாம் ஒரு மாதிரியைச் சோதித்துத் தேறிவிட்டால் கரியைச் சாதாரணச் சரக்காகவே அனுப்பலாம். 2026 ஜனவரி 1 முதல் அந்தச் சலுகை கிடையாது. சுட்ட கரியை மூட்டை கட்டும் முன் 14 நாள் காற்றாட வைக்க வேண்டும். ஆக்சிஜனை ஈர்க்கும் ஆவல் அதற்குள் பெருமளவு அடங்கிவிடும். மூட்டையில் போடும்போது அதன் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டக்கூடாது. கன்டெய்னருக்குள் அடுக்கும்போது மூட்டைகளுக்கும் கூரைக்கும் நடுவே 30 சென்டிமீட்டர் காலி இடம் விட வேண்டும், சூடு மேலேறிக் கலைவதற்கு.