மீத்திறன் மாணவர்களின் பணிவாழ்வு ஆயத்தம்: உதவித்தொகையும் வழிகாட்டலும்

வறிய குடும்பத்து மீத்திறன் மாணவர்களின் இடைநிற்றலைத் தடுக்க, தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித்தொகைத் திட்டத்தை நடுவண் அரசு 2008ஆம் ஆண்டு தொடங்கியது. எட்டாம் வகுப்பில் எழுதும் தேர்வின்வழித் தெரிவுபெறுவோர், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை இன்று ஆண்டுக்கு ரூ.12,000 பெறுகின்றனர்.

ஆயினும் பணிவாழ்வுக்கான ஆயத்தம் என்பது பள்ளியில் நீடித்தல் மட்டுமன்று. எத்துறை தமக்குப் பொருந்தும், அதற்கு எப்பாடங்கள் வேண்டும் என்பதை உரிய காலத்தில் அறிதலுமாகும். தமிழகத்தில் அக்காலம் பத்தாம் வகுப்பின் முடிவாகும். பதினோராம் வகுப்பில் வணிகவியல் பிரிவை ஏற்றவர் பின்னர் மருத்துவத்திற்கோ பொறியியலுக்கோ செல்லுதல் அரிது. கற்ற பெற்றோரின் பிள்ளைகளுக்கு இவ்வறிவு பெரும்பாலும் வீட்டிலேயே கிட்டுகிறது; முதல் தலைமுறை மாணவர்க்குப் பள்ளியே அதற்கு வாயில்.

மருத்துவக் கல்வியில் அரசுப்பள்ளி மாணவர்க்கு 2020இல் வழங்கப்பட்ட 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடும், உரிய பாடப்பிரிவைத் தேர்ந்தவர்க்கே பயன்படும். 2022இல் தொடங்கப்பெற்ற ‘நான் முதல்வன்’ திட்டம் உயர்கல்வி வழிகாட்டலைப் பள்ளிக்குள் கொணர்ந்தது. அவ்வழிகாட்டல் பாடப்பிரிவைத் தேர்வதற்கு முன்பே, உதவித்தொகை தொடங்கும் ஒன்பதாம் வகுப்பிலேயே உறுதியாகக் கிடைக்குமாயின், திறனறிந்து அளிக்கப்படும் உதவி பணிவாழ்வுவரை துணைநிற்கும்.