லியோன் நகரத்தில் ஒரு போஜனம்

ரோன், ஸோன் என்னும் இரு நதிகள் சங்கமிக்கும் லியோன் நகரத்துக்குப் பட்டு நெசவின் பழம்பெருமையைக் காணவென்று செல்பவர்களும் உண்டு. ஆயினும் பிரெஞ்சு தேசத்து ஜனங்களிடையே அந்நகரத்துக்குள்ள கீர்த்தி பெரும்பாலும் அதன் சமையலால் வந்ததே. வடகிழக்கே பிரெஸ் சமவெளியில் வெண்சிறகும் செங்கொண்டையும் நீலக் கால்களும் உடைய கோழிகள் வளர்கின்றன. வடக்கே போஜொலே குன்றுகளிலும் தெற்கே ரோன் நதிக்கரையிலும் திராட்சைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. தென்கிழக்கே தோஃபினே பிரதேசத்திலிருந்து மிருதுவான பாலாடைக்கட்டி வருகிறது. இத்தனை பதார்த்தங்களும் வந்து சேரும் சந்தை உள்ள ஊரில் நல்ல சமையல் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. அதைத் தோற்றுவித்தவர்கள் யார் என்பதுதான் ஆச்சரியம்.

அவர்கள் அரண்மனைச் சமையற்காரர்கள் அல்லர். தனவந்தர் வீடுகளில் சமையல் வேலை பார்த்துவிட்டு, பிறகு தாமாகவே சிறு போஜனசாலைகளைத் தொடங்கிய ஏழைப் பெண்கள். ஊரார் அவர்களைத் தாய் என்றே அழைத்தார்கள். அவர்களுள் ஃபில்லியூ அம்மையார், தம்மிடம் வருவோர்க்கு வருஷக்கணக்கில் ஏறக்குறைய அதே சில உணவுகளையே சமைத்துப் போட்டதோடு, சாப்பாட்டு மேஜையருகே தாமே வந்து, சிறு கத்தி ஒன்றினால் கோழியை அரிந்து பரிமாறுவதையும் வழக்கமாகக் கொண்டிருந்தார். அக்கோழியின் தோலுக்கடியில் ட்ரஃபிள் என்னும் கருநிற நிலத்தடிக் காளானின் மெல்லிய வில்லைகளைச் செருகி, சாற்றில் மெதுவாக வேகவிடுவார்கள். வெந்த பிறகு வெள்ளைத் தோலின் வழியே கறுப்பு நிழலாகத் தெரியும். இன்றும் லியோன் சமையலின் சிகரம் என்று பலர் சொல்வது இதனையே.

ஃபில்லியூ அம்மையாரின் அடுக்களையில் வேலை பழகியவர்தான் யூஜெனி பிராஸியே. 1895-இல் குடியானவக் குடும்பமொன்றில் பிறந்து, பத்து வயதில் தாயை இழந்து, பண்ணைகளில் பன்றி மேய்த்து வளர்ந்த அப்பெண், மணமாகாமலே ஒரு குழந்தைக்குத் தாயானபோது தந்தையால் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு, பிழைப்பைத் தேடி லியோனுக்கு வந்தவர். 1921-இல் ருவாயால் தெருவில் சுமார் பதினைந்து பேர் அமரக்கூடிய சிறு கடையொன்றைத் திறந்தார். சில வருஷங்களில் நகருக்கு வெளியே மலைப்பாங்கான லூயேர் கணவாயில் இரண்டாவது போஜனசாலையையும் தொடங்கினார். 1933-இல் மிஷெலின் வழிகாட்டி நூல் அவ்விரண்டுக்கும் தனித்தனியே மூன்று நட்சத்திரங்கள் வழங்கிற்று. ஒரே சமயத்தில் ஆறு நட்சத்திரங்களைப் பெற்ற முதல் மனிதர் அவரே. 1998-இல் அலேன் டுகாஸ் என்பவர் அதே சிறப்பை எய்தும் வரையில் வேறெவரும் அவரை எட்டவில்லை. பிற்காலத்தில் பிரெஞ்சுச் சமையலின் உலகப் பிரதிநிதியாகவே மதிக்கப்பட்ட போல் பொக்கூஸ், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பின்னர் லூயேர் கணவாயில் அந்த அம்மையாரிடம் சிட்சை பெற்றவர். பெரும் கல்வியோ குலப்பெருமையோ இன்றி, கைத்திறத்தை மாத்திரம் நம்பி ஒருவர் இவ்வளவு உயர்ந்த சரித்திரம் சமையற்கலையில் அபூர்வம். அவர் பெயரால் விளங்கும் அந்த ருவாயால் தெருப் போஜனசாலை இன்றும் நடந்துவருகிறது.

மிஷெலின் என்பது டயர் உற்பத்தி செய்யும் கம்பெனி. மோட்டார் வண்டி வைத்திருப்போர் அடிக்கடி பிரயாணம் செய்தால் டயர் வியாபாரம் பெருகும் என்னும் நோக்கத்துடன் 1900-இல் அச்சிட்ட அந்நூலில், 1926-இல் நட்சத்திரம் இடும் வழக்கம் புகுந்தது. நூலின் பரீட்சகர்கள் தம்மை இன்னாரென்று தெரிவிக்காமல், சாதாரண விருந்தினரைப் போலச் சாப்பிட்டு, பணமும் கொடுத்துவிட்டுப் போவார்கள். நட்சத்திரம் பெறாத நல்ல இடங்களும் லியோனில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன என்பதை மாத்திரம் பிரயாணி நினைவில் வைத்தால் போதும்.

இத்தகைய சிறு போஜனசாலைகளில் பொதுவாக எட்டுப் பத்து மேஜைகளுக்கு மேல் இரா. பெரிய ஹோட்டல்களின் ஆடம்பரக் கூடங்களைக் காட்டிலும் இவற்றையே நான் மேலாகக் கருதுகிறேன். ஏனெனில் இங்கே அடுக்களையிலிருந்து வெளியே செல்லும் ஒவ்வொரு தட்டும் தலைமைச் சமையற்காரரின் கண்ணில் பட்டே செல்கிறது. மெனுவில் உணவுகள் சிலவே இருக்கும். அன்று காலைச் சந்தையில் எது நன்றாகக் கிடைத்ததோ அதனைப் பொறுத்து அவையும் மாறும். பல இடங்களில் ஒரு மேஜையை ஓர் இரவில் ஒரே குழுவினருக்குத்தான் கொடுக்கிறார்கள். ஆகவே முன்கூட்டியே இடம் பதிவு செய்துகொள்வது அவசியம். உள்ளே நுழைந்ததும் ‘போன்ஜூர்’, மாலையானால் ‘போன்ஸ்வார்’ என்று வந்தனம் சொல்லாமல் நேரே போய் உட்காருவதை அவ்வூரார் மரியாதைக் குறைவாகவே எண்ணுவார்கள்.

உணவு வரும் கிரமத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய பிரெஞ்சுப் பிரபுக்களின் விருந்தில், நம் கல்யாணப் பந்தியில் இலை நிறையப் பரிமாறுவது போல, பல வகைப் பதார்த்தங்களையும் ஒருசேர மேஜைமீது பரப்பிவிடுவார்கள். காட்சிக்கு அது கம்பீரமே எனினும், சூடாக உண்ண வேண்டியவை ஆறிப்போகும். 19-ஆம் நூற்றாண்டில் ரஷ்ய முறை என்ற பெயரில், ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் வழக்கம் வந்து, மெல்ல மெல்ல நிலைபெற்றது. முதலில் பசியைத் தூண்டும் ஒரு சிறு கவளம், பிறகு முன்னுணவு, அதன்பின் மீனோ மாமிசமோ காய்கறியுடன், பிறகு பாலாடைக்கட்டி, அதற்கும் பிறகே இனிப்பு, யாவும் முடிந்த பின் காப்பி. இனிப்போடு சேர்த்துக் காப்பி கேட்டால் பரிசாரகர் பெரும்பாலும் இனிப்பு முடியும் வரையில் அதைக் கொண்டுவர மாட்டார். இந்த விருந்து முறையையே 2010-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் மனித குலத்தின் கலாசார மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் இடையில் வரும் அவகாசத்தைக் கண்டு நம்மவர் சிலர் பொறுமை இழக்கிறார்கள். அந்த அவகாசம் அசிரத்தையினால் வருவதன்று. எலும்பையும் காய்கறிகளையும் மணிக்கணக்காக வேகவைத்து வடித்த சாற்றைச் சுண்டக் காய்ச்சி, கடைசி நிமிஷத்தில் வெண்ணெய் சேர்த்துக் கலக்கும் சாஸ், கொஞ்ச நேரம் காத்திருந்தாலும் திரிந்துவிடக் கூடியது. ஆகையால் மேஜையில் இருப்பவர் அனைவரும் முந்தைய தட்டை முடித்தார்கள் என்று பரிசாரகர் வந்து சொன்ன பிறகே அடுத்ததின் இறுதிப் பக்குவத்தை அடுக்களையில் தொடங்குகிறார்கள். சாப்பிட்டு முடித்ததற்கு அடையாளம், கத்தியையும் முள்கரண்டியையும் தட்டின்மேல் பக்கத்தில் பக்கமாக இணைத்து வைப்பது. ஒருவர் இன்னும் உண்டுகொண்டிருக்கையில் மற்றவர் தட்டை எடுப்பதில்லை என்ற நியமத்தில் உள்ள நாகரிகம் என் மனத்துக்கு மிகவும் உகந்தது.

செலவைப் பற்றிய பயம் பலருக்கு உண்டு; அது முற்றும் ஆதாரமற்றதன்று. எனினும் இரவில் எட்டாத விலைக்கு விற்கும் அதே அடுக்களையின் சமையல், வார நாட்களின் பகல் வேளையில், நிர்ணயிக்கப்பட்ட மெனுவாகப் பல இடங்களில் வெகு குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. மெனுவில் அச்சிட்ட விலையில் வரியும் பரிமாறும் கட்டணமும் அடங்கியே இருக்கும். மனம் நிறைந்தால் சில நாணயங்களை வைத்துவிட்டு வரலாம், கட்டாயமில்லை. குழாய்த் தண்ணீரைக் குடுவையில் கேட்டு வாங்கினால் அதற்கும் ரொட்டிக்கும் காசு கிடையாது. மது அருந்தாதவர் அதை ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டால் போதும், யாரும் வற்புறுத்துவதில்லை. பில்லை நாமாகக் கேட்கும் வரையில் கொண்டுவர மாட்டார்கள். விருந்தினரை எழுப்பிவிடுவது போலாகும் என்று அஞ்சுகிறார்கள்.

சைவ உணவுக்காரர்களுக்கு மாத்திரம் எச்சரிக்கை தேவை. காய்கறி சூப்பிலும் கோழிச்சாறு கலந்திருக்கக்கூடும். சில இனிப்புகளில் ஜெலட்டின் சேர்கிறது. பிரெஞ்சுப் பாலாடைக்கட்டிகளில் பலவற்றைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டே உறைய வைக்கிறார்கள். ஆயினும் காலம் மாறிவருகிறது. பாரிஸில் மூன்று நட்சத்திரம் பெற்றிருந்த அலேன் பஸ்ஸார் 2001-இல் தம் மெனுவிலிருந்து ஆட்டிறைச்சி மாட்டிறைச்சி வகைகளை நீக்கி, சொந்தத் தோட்டத்துக் காய்கறிகளையே பிரதானமாக்கினார். நட்சத்திரங்களுள் ஒன்றும் குறையவில்லை. காய்கறி மெனு தரும் இடங்கள் பெருகி வருகின்றன. ஆனால் சந்தைக்குப் போகுமுன் அடுக்களைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே லியோனுக்குப் போகிறவர்கள், தங்களுக்கு ஆகாதவை இன்னவை என்று இடம் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு வேறு அலுவலோ ரெயிலோ இல்லாத ஒரு பகலை ஒதுக்கிவையுங்கள். ஞாயிறும் திங்களும், ஆகஸ்டு மாதத்தில் சில வாரங்களும், அங்குள்ள சிறு போஜனசாலைகளில் பல மூடியிருக்கும்.