ஒரு கோடா? இரண்டு கோடா?



காஞ்சிபுரம் பட்டுப் புடவையின் சரிகையை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளி இழையைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசிச் செய்வதே அசல் சரிகை. அந்தத் தங்கம் மஞ்சளாக மின்னுகிறது. அதே தங்கத்தை மிக நுண்ணிய துகள்களாக்கி நீரில் மிதக்க விட்டால் என்ன நிறம் தெரியும்? சிவப்பு! ஒரு மில்லிமீட்டரை 25,000 பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு சிறிய துகள்கள் அவை.

இந்தச் சிவப்புத் தங்கம் மருந்துக் கடையில் விற்கும் ஒரு சிறிய அட்டைக்குள்ளும் இருக்கிறது. ஒரு பெண் கருவுற்றிருக்கிறாளா என்று வீட்டிலேயே அறிய உதவும் சோதனை அட்டை அது. இரண்டு கோடு தெரிந்தால் "ஆம்". ஒரு கோடு மட்டும் தெரிந்தால் "இல்லை". ஆனால், அந்த "இல்லை"யை எவ்வளவு தூரம் நம்பலாம்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் குடும்பத்து மருமகள் ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். மாதவிலக்கு வரவேண்டிய நாளுக்கு நான்கு நாள் முன்பே அவள் சோதித்துப் பார்க்கிறாள். ஒரு கோடுதான். "ஒன்றும் இல்லை அத்தை" என்று மாமியாரிடம் சொல்லிவிடுகிறாள். தறியில் உட்கார்ந்து இடுப்பு வலித்ததற்குக் கையில் கிடைத்த மாத்திரையை, யாரையும் கேட்காமல் விழுங்குகிறாள். பத்து நாள் கழித்து மறுபடி சோதித்தால் இரண்டு கோடு! முதலில் அட்டை பொய் சொன்னதா? இல்லை. கேள்வி கேட்ட நாள்தான் தவறு. எப்படி என்று பார்ப்போம்.

கருவின் முதல் செய்தி

சினைமுட்டையும் விந்தணுவும் கருக்குழாயில் சேர்ந்து கரு உண்டாகிறது. அது உடனே கருப்பையில் பதிந்துவிடுவதில்லை. சினைமுட்டை வெளிப்பட்ட நாளிலிருந்து 6 முதல் 12 நாட்களுக்குள்தான் கருப்பையின் உட்சுவரில் வேரூன்றுகிறது. பின்னாளில் நஞ்சுக்கொடியாகப் போகும் திசுக்கள் அப்போது ஒரு ஹார்மோனைச் சுரந்து தாயின் இரத்தத்தில் கலக்கின்றன. அதன் பெயர் சுருக்கமாக எச்.சி.ஜி. "இந்த மாதம் மாதவிலக்கு வேண்டாம், நான் வந்திருக்கிறேன்" என்று கரு தாயின் உடலுக்கு அனுப்பும் செய்தி அது. அதில் ஒரு பகுதி சிறுநீரிலும் வெளியேறுகிறது. அட்டை தேடுவது இதைத்தான்.

சிவப்புக் கோடு எப்படி விழுகிறது?

கோயில் அகல்விளக்கில் எண்ணெய் திரி வழியாக மேலே ஏறுகிறது அல்லவா? அதே நுண்புழை ஏற்றத்தால்தான் அட்டையில் விட்ட சிறுநீர்ச் சொட்டுகள் உள்ளே இருக்கும் பட்டையில் ஊர்ந்து செல்கின்றன. வழியில் தங்கத் துகள்களைச் சுமந்த எதிர்பொருள்கள் உலர்ந்த நிலையில் காத்திருக்கின்றன. எச்.சி.ஜி. வந்தால் இவை அதைப் பற்றிக்கொண்டு கூடவே நகரும். சற்றுத் தொலைவில் இன்னொரு வகை எதிர்பொருள் ஒரு கோடாக ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. அது எச்.சி.ஜி.யின் மறுபக்கத்தைப் பிடித்து நிறுத்துகிறது. தங்கத் துகள்கள் அங்கே குவிய, சிவப்புக் கோடு தெரிகிறது.

அதற்கும் அப்பால் இருப்பது கட்டுப்பாட்டுக் கோடு. எச்.சி.ஜி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தெரியவேண்டும். தெரியாவிட்டால் அட்டை கெட்டுவிட்டது, முடிவு செல்லாது.

சுண்டெலியிலிருந்து அட்டை வரை

1927-இல் பெர்லின் நகரில் ஆஷ்ஹைம், சோண்டெக் என்ற இரு மருத்துவர்கள் பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிகளுக்கு ஊசி மூலம் செலுத்தி, சில நாள் கழித்து அவற்றை அறுத்துச் சினைப்பையில் மாற்றம் உண்டா என்று பார்த்தார்கள். 1930களில் தென்னாப்பிரிக்கத் தவளை வந்தது. கருவுற்ற பெண்ணின் சிறுநீரைச் செலுத்தினால் அது ஒரே நாளில் முட்டையிட்டது. 1960-இல் சுவீடனில் வைட், கெம்செல் இருவரும் விலங்கே தேவைப்படாத எதிர்பொருள் சோதனையைக் கண்டார்கள். ஆனால் எல்.எச். என்ற மற்றொரு ஹார்மோன் எச்.சி.ஜி.யைப் போலவே இருப்பதால் குழப்பம் நேர்ந்தது. 1972-இல் அமெரிக்காவில் ஜூடித் வைட்டுகைட்டிஸ் குழுவினர் எச்.சி.ஜி.யின் "பீட்டா" பகுதியை மட்டும் இனம் காணும் எதிர்பொருளைப் பயன்படுத்தி அதைத் தீர்த்தார்கள். இன்றைய பட்டைச் சோதனை 1988-இல் விற்பனைக்கு வந்தது.

நாள் கணக்கு

ஆரம்ப வாரங்களில் எச்.சி.ஜி. ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. பல அட்டைகள் ஒரு மில்லிலிட்டரில் 25 மில்லி அலகு இருந்தால்தான் கண்டுபிடிக்கும். இப்போது கணக்குப் போடுங்கள். திங்களன்று 3 அலகு என்றால் புதனன்று 6, வெள்ளியன்று 12, ஞாயிறன்று 24, அடுத்த செவ்வாயன்று 48. ஆகவே வெள்ளிக்கிழமை "இல்லை" என்ற அட்டை, செவ்வாய்க்கிழமை "ஆம்" என்கும். இரண்டு நாளும் அது சொன்னது உண்மையே!

அமெரிக்க ஆய்வாளர் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. மாதவிலக்கு வரவேண்டிய முதல் நாளன்று, கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்குக் கரு இன்னும் பதியவே இல்லை. எவ்வளவு நல்ல அட்டையானாலும் அன்று 90 சதவீதத்தினரையே கண்டுபிடிக்க முடியும். ஒரு வாரம் பொறுத்தால் 97 சதவீதம் வரை முடியும்.

அப்படியானால் பெட்டியின் மேல் "99 சதவீதம் துல்லியம்" என்று அச்சிட்டிருப்பது? அது போதிய எச்.சி.ஜி. உள்ள சிறுநீரை, சோதனைக்கூடத்தில், முறைப்படி சோதித்தபோது கிடைத்த கணக்கு. சீக்கிரமாகச் சோதிப்பவருக்கு அது பொருந்தாது.

கவனிக்க வேண்டியவை

இரவெல்லாம் சேர்ந்த காலைச் சிறுநீரில் எச்.சி.ஜி. செறிவாக இருக்கும். நிறையத் தண்ணீர் குடித்தபின் சோதித்தால் அது நீர்த்துப்போகும். முடிவை அட்டையில் குறித்த நேரத்துக்குள், பொதுவாக ஐந்து நிமிடத்தில், பார்த்துவிட வேண்டும். வெகுநேரம் கழித்துப் பார்த்தால் ஈரம் காய்ந்த தடமே கோடுபோல ஏமாற்றும். பெரும்பாலான அட்டைகளை 30 டிகிரி செல்சியசுக்கு மேல் வைக்கக் கூடாது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் சன்னல் ஓரத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

தவறான "ஆம்" அரிது. ஆயினும் அண்மையில் கருக்கலைந்தவர்களிடமும், எச்.சி.ஜி. ஊசி போட்டுக்கொண்டவர்களிடமும் அது நேரலாம். மேலும், கரு கருப்பையில் இருக்கிறதா, கருக்குழாயிலேயே தங்கிவிட்டதா என்பதை அட்டை சொல்லாது. கருக்குழாயில் தங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே "இல்லை" என்று வந்தும் மாதவிலக்கு வராவிட்டால் சில நாளில் மீண்டும் சோதிக்க வேண்டும். வயிற்று வலியோ இரத்தப் போக்கோ இருந்தால் காத்திராமல் மருத்துவரிடம் போகவேண்டும்.

இத்தனை அவசரம் எதற்கு? குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழல், கருவுற்ற நான்காவது வாரத்திலேயே மூடிக்கொள்கிறது. அதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. வேண்டாத மருந்துகளைத் தவிர்க்க வேண்டிய காலமும் அதுவே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இச்சோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவிக்கும் 12 வாரத்துக்குள் பதிவு செய்வது அவசியம்.

பாவு ஓட்டும்போது ஓர் இழை எண்ணிக்கை தவறினாலும் புடவையில் குறை தெரியும் என்பது நெசவாளருக்குத் தெரியும். இங்கே எண்ண வேண்டியது நாட்களை. நம் பிள்ளையார்பாளையத்து மருமகள் செய்திருக்க வேண்டியதும் அவ்வளவுதான்: ஒரு கோட்டைக் கண்டதும் "இல்லை" என்று முடிவு கட்டாமல், "இன்று தெரியவில்லை" என்று எடுத்துக்கொண்டு, நாள் கடந்ததும் இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும்.