தங்கவயல் மாணாக்கரும் கல்லூரிப் படிப்பும்

கோலார் தங்கவயலில் பி.யு.சி. இரண்டாம் ஆண்டுத் தேர்வுக்குப் படிக்கும் தமிழ் மாணாக்கரின் இல்லங்களில் ஆண்டுதோறும் இரு கேள்விகள் எழுகின்றன. பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது? அதற்கான பணத்துக்கு என்ன வழி? மதிப்பெண் நன்றாக வந்துவிட்டால் இவ்விரண்டுக்கும் விடை தானே கிடைத்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால், நல்ல மதிப்பெண் பெற்றும் ஒரு சான்றிதழ் இல்லாமையால் இடத்தையோ உதவித்தொகையையோ இழந்து நிற்கும் மாணவரை நாம் காண்கிறோம். ஆகவே மதிப்பெண்ணுக்கு முன்பே தெளிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சட்டத்தின் பார்வையில் நம் பிள்ளை எந்த மாநிலத்து மாணவர் என்பதே அது. இடமும் பணமும் பெரும்பாலும் அந்த ஒரு விடையைப் பின்பற்றியே வருகின்றன.

இந்தக் கேள்வி தங்கவயலில் எழுவதற்கு வரலாறு காரணம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குச் சுரங்க வேலையைத் தொடங்கியது முதல், வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர் வந்து சேர்ந்தனர். 1956இல் மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது தங்கவயல் மைசூர் மாநிலத்தில் அமைந்தது. சுரங்கங்களும் அவ்வாண்டிலேயே மைசூர் அரசின் உடைமையாயின. 1962இல் மத்திய அரசின் பொறுப்புக்கு மாறின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்ற பெயரைப் பெற்றன. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அதன்பின் விடியற்காலையில் மாரிக்குப்பம் நிலையத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று உழைத்து, இரவில் வீடு திரும்புவது பல குடும்பத் தலைவர்களின் வாழ்க்கையாயிற்று. நாட்கூலியிலிருந்து கல்லூரிக் கட்டணம் செலுத்தும் வீட்டில் உதவித்தொகை ஓர் உபரி வருவாய் அன்று. படிப்பு தொடருமா, நிற்குமா என்பதைத் தீர்மானிப்பதே அதுதான்.

இனி முதற் கேள்விக்கு வருவோம். ராபர்ட்சன்பேட்டையில் பிறந்து வளர்ந்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அவளுடைய பாட்டனார் குடியாத்தத்துக்கு அருகிலிருந்து வந்தவர். வீட்டில் பேசுவது தமிழ். குடியாத்தத்தில் இருக்கும் அவளுடைய மாமன் மகள், தமிழ்நாட்டு அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறாள். நமக்கும் அது கிடைக்குமா என்று இவள் கேட்கிறாள். கிடைக்காது. 2022இல் தொடங்கிய அத்திட்டம், 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்த பெண்களையே முதன்மையாகக் கருதியது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணாக்கருக்குரிய 7.5 விழுக்காட்டு இட ஒதுக்கீடும் அத்தகையதே. தாய்மொழி தமிழாயிருப்பது அவ்வுரிமையைத் தருவதில்லை.

அவளுக்கு உரிமை இருப்பது கர்நாடகத்தில்தான். தொழிற்கல்வி இடங்களுக்குக் கர்நாடகத் தேர்வு ஆணையம் வகுத்துள்ள விதிகளுள் முதன்மையானது, மாணவர் 1ஆம் வகுப்பு முதல் பி.யு.சி. வரை குறைந்தது 7 ஆண்டுகள் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும் என்பதாகும். படித்த பள்ளிகள் தரும் சான்றிதழ்களில் வட்டாரக் கல்வி அலுவலரின் மேலொப்பமும் இருத்தல் வேண்டும். இங்கே பெற்றோர் கருதிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. தமிழ்வழிப் படிப்புக்காகவோ வீட்டு நிலைமை காரணமாகவோ பிள்ளையைச் சில ஆண்டுகள் ஆம்பூரிலும் வேலூரிலும் உறவினர் வீட்டில் விட்டுப் படிக்கவைக்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அவ்வாறு செய்வதற்கு முன் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். இங்கே 7 ஆண்டு நிறையாமலும், அங்கே 6 முதல் 12 வரை முழுமை பெறாமலும் போனால், பிள்ளை இரு மாநிலங்களின் சலுகையையும் இழக்க நேரும்.

ஆதி திராவிடர் முதலிய பட்டியல் சாதியினர் அறிய வேண்டியது இன்னும் ஒன்று. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறானது. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்ந்தவர், புதிய மாநிலத்தில் அவ்வொதுக்கீட்டைக் கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. இதனைக் கேட்டுத் தங்கவயலார் அஞ்ச வேண்டுவதில்லை. பட்டியல் சாதிகள் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10ஆம் நாள் பிறந்தது. அந்நாளில் குடும்பம் எங்கு நிலையாக வாழ்ந்தது என்பதே கணக்கு. அதற்கு முன்பே சுரங்க வேலைக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் கர்நாடகத்துக்கே உரியவை. ஆதி திராவிடர் என்னும் பெயர் கர்நாடகப் பட்டியலிலும் இருக்கின்றது. பாட்டனாரின் சுரங்கப் பணிப் பதிவு, தந்தையாரின் பள்ளிச் சேர்க்கைப் பதிவு போன்ற பழைய தாள்கள் இதனை மெய்ப்பிக்க உதவும். அவற்றைப் பழங்குப்பை என்று எறிந்துவிடலாகாது.

அடுத்து, விண்ணப்பிக்கும் முறை. பொறியியல் படிப்புக்குக் கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில் பாதியும், பி.யு.சி.யில் பெற்ற கணிதம், பௌதிகம், இரசாயனம் ஆகியவற்றின் மதிப்பெண்ணில் பாதியும் சேர்த்துத் தரவரிசை வகுக்கின்றனர். இதற்கான விண்ணப்பம் அண்மை ஆண்டுகளில் பி.யு.சி. தேர்வுக்கு முன்பே, ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பெறப்பட்டுள்ளது. தேர்வு முடிவு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்போர் வாய்ப்பை இழப்பர். மருத்துவத்துக்கு நீட் தேர்வு எழுதுவோரும், கர்நாடக இடம் வேண்டுமாயின் ஆணையத்திடம் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். ஊரை விட்டுச் செல்ல இயலாதவர்க்குத் தங்கவயலிலேயே அரசு முதல்நிலைக் கல்லூரியும், உரிகத்தில் டாக்டர் டி. திம்மையா தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கின்றன. பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தவர் வேறொரு நுழைவுத் தேர்வின் வழியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். விரைவில் பொருளீட்ட வேண்டிய குடும்பத்துக்கு இது நல்ல வழியாகும்.

இனிப் பணத்தைப் பற்றி. அமெரிக்காவில் மத்திய அரசுக்கு அனுப்பும் ஒரே விண்ணப்பம் பலவகை உதவிகளுக்கு வாயிலாக அமைகின்றது. நம் நாட்டில் அவ்வாறில்லை; ஒவ்வொரு உதவிக்கும் தனித்தனியே கேட்க வேண்டும்.

பட்டியல் சாதி மாணாக்கருக்கான மேற்படிப்பு உதவித்தொகை 1944 முதல் நடந்து வருவது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாதிருந்தால், திருப்பித் தரப்படாத கட்டாயக் கட்டணங்களும் பராமரிப்புத் தொகையும் கிடைக்கும். இதில் இரு நுட்பங்கள் உண்டு. மாணவர் எம்மாநிலத்தில் படித்தாலும், அவர் எம்மாநிலத்தைச் சேர்ந்தவரோ அம்மாநில அரசே பணம் தரும். ஆகவே வேலூரில் படிக்கும் தங்கவயல் மாணவர் கர்நாடக அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாவது, நிர்வாக ஒதுக்கீட்டில் வாங்கிய இடத்துக்கு இவ்வுதவி இல்லை. இடைத்தரகரை நம்பி முன்பணம் கட்டுவோர் இடத்துக்கும் மிகுதியாகக் கொடுத்து, உதவித்தொகையையும் இழக்கின்றனர்.

சாதி வேறுபாடின்றி எல்லோருக்கும் உரிய உதவிகளும் உண்டு. தம் தேர்வு வாரியத்தில் முதல் 20 விழுக்காட்டினருள் அடங்கி, குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்கு உட்பட்டிருப்போர், மத்திய அரசின் கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் தருகின்றனர்; பாதி பெண்களுக்கு உரியது. தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்குப் பிரகதி என்னும் திட்டம் ஆண்டுக்கு 50,000 ரூபாய் அளிக்கின்றது; இதற்கு வருமான வரம்பு 8 லட்சம். பெங்களூரில் கட்டட வேலை செய்யும் தந்தையோ தாயோ கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால், பிள்ளையின் படிப்புக்கு அவ்வாரியமும் உதவும். ஒரே காலத்தில் இரண்டு அரசு உதவித்தொகைகளைப் பெரும்பாலும் பெற இயலாதாகையால், பெரியது எது, உறுதியானது எது என்று எண்ணித் தேர்ந்துகொள்ளுதல் நலம்.

இவற்றுக்குப் பின்னும் குறையும் தொகைக்கே வங்கிக் கடனை நாட வேண்டும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஏற்ற வித்யாலட்சுமித் திட்டத்தில், குறிப்பிட்ட தரமான கல்லூரிகளில் இடம் பெற்றோர் சொத்து ஈடும் பிணையாளரும் இன்றிக் கடன் பெறலாம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் 10 லட்சம் வரையுள்ள கடனுக்கு வட்டியில் 3 விழுக்காட்டை அரசு ஏற்கும். தாம் சேரும் கல்லூரி அப்பட்டியலில் உள்ளதா என்று சேர்வதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

இத்தனை உதவிகளையும் தடுக்கக்கூடிய சிறு இடர் ஒன்று நம் பெயரிலேயே இருக்கின்றது. தமிழர் பெயருக்கு முன் தலைப்பெழுத்து இடுகிறோம். பள்ளிப் பதிவில் ஒரு தலைப்பெழுத்து, ஆதாரில் தந்தையின் முழுப்பெயர், வங்கிக் கணக்கில் வேறொன்று என்று அமைந்துவிடுகின்றது. கணினி இம்மூவரையும் வேறு வேறு மனிதராகவே கொள்ளும். ஆகவே எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் உள்ளபடியே மற்றவற்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். வங்கிக் கணக்கு மாணவரின் பெயரில் இருந்து, ஆதாருடன் இணைந்திருத்தல் வேண்டும். சாதி, வருமானச் சான்றிதழ்களை நாடகச்சேரி அலுவலகத்தில் பெற்று, அவற்றின் எண்களைக் குறித்து வைக்க வேண்டும். இவற்றை பி.யு.சி. முதலாண்டு விடுமுறையிலேயே முடித்துவிட்டால், இரண்டாம் ஆண்டில் பிள்ளை படிப்பில் மட்டும் கருத்தூன்றலாம்.

பம்பாயிலும் டில்லியிலும் ஆந்திரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இம்முறை பொருந்தும். ஆண்டுக் கணக்கும் அலுவலகத்தின் பெயரும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். கேட்க வேண்டிய கேள்விகள் மாறுவதில்லை. நம் குடும்பம் எந்த ஆண்டில் இங்கு வந்தது? பிள்ளை எத்தனை ஆண்டு இங்கே படித்தது? அதற்குத் தாள் எங்கே? இம்மூன்றுக்கும் விடை எழுதி, உரிய சான்றுகளை ஒரே உறையில் இட்டு வைத்திருக்கும் வீட்டில், கல்லூரி விண்ணப்பம் வரும் நாளில் கலக்கம் இராது.