பாஸ் கிட்டாருக்கேற்ற ப்ரீஆம்ப்

பாஸ் கிட்டாரின் தடித்த கம்பி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. காந்தமும் கம்பிச்சுருளும் அடங்கிய 'பிக்கப்' அவ்வதிர்வை மின்னலையாக மாற்றுகிறது. நலிந்த அந்த மின்னலையைப் பதிவுக்குத் தக்கவாறு உயர்த்துவதே 'ப்ரீஆம்ப்' எனும் முன்பெருக்கியின் பணியாகும்.

வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்ய விழைவோர் முதலில் விலையையும் பெயரையும் நோக்குவர். நோக்க வேண்டியதோ உள்ளீட்டின் மின்னெதிர்ப்பு. பிக்கப்பின் மின்னெதிர்ப்பு மிகுதி. அதனை 10 கிலோ ஓம் அளவுள்ள 'லைன்' உள்ளீட்டில் இணைத்தால் மேற்சுரங்கள் மங்கி, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும். 1 மெகா ஓம் அளவுள்ள உள்ளீட்டில் தெளிவு குன்றாது.

பேட்டரி பொருத்திய 'ஆக்டிவ்' பாஸில் முன்பெருக்கி உள்ளேயே இருப்பதால் அதற்கு இத்தொல்லை குறைவு. மேலும், கணினியுடன் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் பலவற்றில் கிட்டாருக்கென்றே தனி உள்ளீடு உண்டு. அது இருப்பின் வேறு கருவி கட்டாயமன்று. வால்வு முன்பெருக்கி ஒலிக்குச் சற்றே கனம் சேர்க்கும். அது தேவையன்று, சுவை.

1960களில் டெட்ராய்ட் நகரின் மோடவுன் கூடத்தில், ஜேம்ஸ் ஜேமர்சனின் பாஸ் ஒலி மைக் ஏதுமின்றி நேரடியாகவே பதிவுக் கருவிகளுக்குச் சென்றது. அப்பாடல்களை உலகம் இன்றும் கேட்கிறது. அவற்றின் உயிர் அவர் விரல்களில் இருந்தது.

எனவே நண்பர்களே, கையிலுள்ள கருவியின் விவரக் குறிப்பை முதலில் படியுங்கள். கிட்டார் உள்ளீடு இருக்குமாயின், மிஞ்சும் பணத்தில் புதிய கம்பிகள் வாங்குங்கள். மிஞ்சும் நேரத்தில் பயிற்சி செய்யுங்கள்.