'ஸ்கோர்': கடன் கணக்கில் வளர்ந்த சொல்

கிரிக்கெட் நடக்கும் நாட்களில் கடைக்கு வருபவர்கள் பருப்பு விலையைக் கேட்பதற்கு முன், "ஸ்கோர் என்ன?" என்றுதான் கேட்கிறார்கள். இந்தச் சொல் மைதானத்தில் பிறந்ததல்ல. நம்மைப் போன்ற சில்லறை வியாபாரிகளின் கடன் கணக்கில் நெடுநாள் புழங்கிய சொல் அது.

பழைய நார்ஸ் மொழியில் இதற்குக் கத்தியால் போடும் வெட்டு என்று பொருள். இருபது என்றும் பொருள். இங்கிலாந்தில் ஆரம்ப காலக் கிரிக்கெட்டில் ஓட்டங்களைக் குச்சியில் வெட்டுப் போட்டே எண்ணினார்கள். ஆனால் அங்குள்ள மதுக்கடைகளில் வாடிக்கையாளரின் பாக்கியைக் கோடுகளாகக் குறித்த கணக்குக்கும் 'ஸ்கோர்' என்றே பெயர். அந்தப் பாக்கியைத் தீர்ப்பதைக் குறித்த தொடர், பின்னர் பழி தீர்ப்பதற்கும் ஆகிவந்தது. பாக்கி வசூலுக்கு நடையாய் நடந்த வணிகப் பெருமக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

கடைக்காரர் கையிலேயே சாக்கட்டி இருந்தால், "ஒரு கோடு கூடுதலாகப் போட்டுவிட்டீர்" என்ற சண்டை வராமல் போகுமா? மாதக் கடைசியில் பற்று நோட்டைப் பிரிக்கும்போது நாம் கேட்கும் அதே பேச்சுதான். இதற்கு அக்காலத்தவர் கண்ட வழி மிக எளிது. குச்சியில் வெட்டுகளைப் போட்டு, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொண்டார்கள். ஒருவர் தம் பாதியில் வெட்டைக் கூட்டினாலும் மற்றதோடு சேர்த்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். எழுத்தறியாதவரையும் ஏமாற்ற முடியாது.

இங்கிலாந்தின் அரசுக் கருவூலமே இப்படித்தான் கணக்கு வைத்தது. 12-ஆம் நூற்றாண்டு விதிப்படி 1,000 பவுனுக்கு உள்ளங்கை அகல வெட்டு, 100 பவுனுக்குக் கட்டைவிரல், 20-க்குச் சுண்டுவிரல், ஒரு பவுனுக்கு ஒரு பார்லி மணி அளவு. பிரான்ஸில் 1804-இல் வந்த சிவில் சட்டமோ, சில்லறையில் கொடுத்து வாங்குவோர் இவ்வாறு கணக்கு வைக்கும் வழக்கமுடையவர்களானால், இரு பாதியும் பொருந்தும் குச்சியே சாட்சி என்று 1333-ஆம் பிரிவில் ஏற்றுக்கொண்டது. மளிகைக் கணக்குக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன?

இங்கிலாந்துக் கருவூலத்தில் இந்த வழக்கம் 1826-இல் நின்றது. 1834 அக்டோபர் 16 அன்று, குவிந்து கிடந்த பழைய குச்சிகளைப் பிரபுக்கள் சபைக்குக் கீழிருந்த அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். தீ மூண்டு, பாராளுமன்றத்தின் இரு சபைகளும் எரிந்துபோயின.